ஆய்வகக் கழிவும் அடைபட்ட வாசல்களும்

1979 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆளுநர் டிக்ஸி லீ ரே, ஹான்ஃபோர்டில் இருந்த கதிரியக்கக் கழிவுப் புதைகுழியை மூடச் சொன்னார். அதே மாதம் நெவாடா ஆளுநர் ராபர்ட் லிஸ்ட், பியாட்டி என்ற பாலைவன ஊரில் இருந்த குழியை மூடினார். வெஸ்ட் வேலி, மேக்சி ஃபிளாட்ஸ், ஷெஃபீல்டு ஆகிய மூன்று குழிகளும் அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளிலேயே ஒவ்வொன்றாக மூடப்பட்டிருந்தன. ஆக, நாடு முழுவதற்கும் எஞ்சியது தென் கரோலினாவின் பார்ன்வெல் ஒன்றுதான். அதுவும் கரிம திரவங்களை இனி வாங்குவதில்லை என்று கைவிரித்துவிட்டது. டிக்ஸி லீ ரே கடல் உயிரியல் படித்த விஞ்ஞானி. அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தவர். அணுசக்தியைக் கண்டு மிரளும் அரசியல்வாதி அல்ல. ஒழுகும் பீப்பாய்களையும் ஒழுங்காகக் கட்டாத பொதிகளையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் தொடர்ந்து வந்ததுதான் அவர் பொறுமையைச் சோதித்தது. அந்த லாரிகளில் இருந்ததெல்லாம் அணு உலைகளின் கழிவு என்றுதான் பலரும் நினைத்தார்கள். கணிசமான பங்கு மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் உயிரியல் ஆய்வகங்களிலிருந்தும் வந்தது என்பது குழிகள் மூடப்பட்ட பிறகே பொதுப் பேச்சுக்கு வந்தது.

அந்தக் கழிவில் பெரும்பாலானவை விரல் நீளக் குப்பிகள். மருந்தோ ஹார்மோனோ உடலுக்குள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர், அந்த மூலக்கூறில் டிரிட்டியம் அல்லது கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தி அனுப்புவார். பிறகு ரத்தத்திலோ திசுவிலோ ஒரு துளி எடுத்து, டொலுவீன் அல்லது சைலீன் கலந்த திரவம் நிறைந்த குப்பியில் இடுவார். கதிர்வீச்சு பட்டதும் அந்தத் திரவம் மிக மெல்லிய ஒளிப்பொறிகளை உமிழும். கருவி அவற்றை எண்ணிச் சொல்லும். எண்ணி முடித்த கணத்தில் குப்பி குப்பையாகிவிடும். ஒரே சோதனைக்கு நூற்றுக்கணக்கான குப்பிகள் தேவைப்பட்டன. பெரிய மருத்துவ ஆய்வு வளாகம் ஒன்றில் எத்தனை துறைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மேசைகள் என்று எண்ணிப் பார்த்தால், பின்வாசலில் குவிந்தது எவ்வளவு என்பது விளங்கும். 1979 வரை இவற்றைப் பீப்பாயில் அடைத்து, சுற்றிலும் உறிஞ்சுபொருளைத் திணித்து, லாரியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. குப்பிக்குள் எந்த அணு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அது எரியக்கூடியதா, எத்தனை நாளில் அடங்கும் என்ற கேள்விகளை ஆய்வாளர் எழுப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அறிவதற்கென்றே கட்டப்பட்ட இடத்தில், அந்த இடம் வெளியே அனுப்பும் பொருளைப் பற்றி மட்டும் எந்த அறிவும் சேரவில்லை.

மருத்துவ ஆய்வு வளாகங்கள் தம் கழிவைக் கையாளக் கற்ற வரலாற்றை நல்லெண்ணம் வளர்ந்த வரலாறாகவும், இயந்திரங்கள் மேம்பட்ட வரலாறாகவும் சொல்வது வழக்கம். சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. கழிவு வெளியேறும் வழி மலிவாகவும் கண்ணுக்கு மறைவாகவும் இருந்தவரை எந்த வளாகமும் தன் மேசையைத் திருத்திக்கொள்ளவில்லை. அந்த வழி அடைபட்டபோதுதான் திருத்திக்கொண்டது. வழியை அடைப்பதற்குப் பதிலாக இன்னொரு எளிய வழியைத் திறந்துவிட்ட இடங்களில் பழைய பழக்கம் புதிய உருவில் தொடர்ந்தது.

1979க்குப் பிறகு நடந்ததைப் பார்ப்போம். ஹான்ஃபோர்டும் பியாட்டியும் விரைவிலேயே மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால் கழிவை எங்கோ ஒரு தொலைவிடம் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை திரும்பவில்லை. 1980 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம், அந்தந்த மாநிலத்தில் உண்டாகும் குறைந்த அளவுக் கதிரியக்கக் கழிவுக்கு அந்தந்த மாநிலமே பொறுப்பு என்று சட்டம் இயற்றியது. புதிய குழிகள் எளிதில் தோண்டப்படவில்லை. இருந்தவற்றின் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. வளாகங்களுக்கு எஞ்சிய வழி, கழிவைத் தம்மிடமே வைத்து அதன் கதிரியக்கம் அடங்கும்வரை காத்திருப்பது. டி.என்.ஏ. ஆய்வில் அன்று எங்கும் புழங்கிய பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள். பத்து அரை ஆயுள் கடந்தால், அதாவது ஐந்து மாதம் போல வைத்திருந்தால், கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கருவியால் அளந்து பார்த்து, எச்சரிக்கைக் குறிகளை அழித்துச் சாதாரணக் குப்பையில் சேர்க்கலாம். அயோடின்-125க்கு அரை ஆயுள் ஏறத்தாழ 60 நாள். இருபது மாதம் வைத்திருக்க வேண்டும். கந்தகம்-35க்கு 87 நாள்; அதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதற்கு ஒரு பூட்டிய அறையும் நாள்காட்டியும் போதும். ஆனால் கார்பன்-14இன் அரை ஆயுள் ஏறக்குறைய 5,700 ஆண்டு. பாஸ்பரஸ்-32 கழிவுப் பையில் கார்பன்-14 பட்ட ஒரே ஒரு பைப்பெட் முனை விழுந்துவிட்டாலும், அந்தப் பையைக் காத்திருந்து கழிக்க முடியாது. கழிவுக் கிடங்கின் காவலருக்கு எது எதுவென்று தெரியாது. கிடங்கில் உட்கார்ந்து பிரிக்கவும் முடியாது. எந்தக் கையில் பைப்பெட் இருக்கிறதோ அந்தக் கைதான் எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். அணுவுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சீட்டு, சீட்டில் தேதியும் அளவும் என்ற ஒழுங்கு இப்படித்தான் ஆய்வு மேசைக்கு வந்து சேர்ந்தது. பெரிய கருவியோ புதிய கண்டுபிடிப்போ இதில் இல்லை. போகும் வழி இல்லாததால் பிறந்த ஒழுங்கு இது. பின்னாளில் உயிரிக் கழிவையும் ரசாயனக் கழிவையும் பிரித்த முறைகளிலும் இந்த ஒழுங்கின் சாயலே தெரிகிறது.

குப்பிகளும் மாறின. டொலுவீன் தீப்பற்றும் நச்சுப்பொருள். 1976ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தின் கீழ் அது அபாயக் கழிவு. அதே குப்பியில் கதிரியக்கமும் இருந்ததால் இரண்டு சட்டங்களும் ஒருசேர அதன்மேல் பாய்ந்தன. ரசாயனக் கழிவை வாங்குபவர் கதிரியக்கம் என்று மறுத்தார். கதிரியக்கக் கழிவை வாங்குபவர் தீப்பற்றும் திரவம் என்று மறுத்தார். இந்த இரட்டைச் சிக்கலிலிருந்து தப்பத்தான் எளிதில் தீப்பற்றாத, மட்கக்கூடிய எண்ணெய்களைக் கொண்ட புதிய திரவங்கள் சந்தைக்கு வந்தன. இருபது மில்லி பிடித்த குப்பியின் இடத்தில் ஆறேழு மில்லி குப்பி வந்தது. சோதனையின் முடிவில் எந்த மாற்றமும் இல்லை. கழிவோ மூன்றில் ஒரு பங்கானது. பத்தாண்டுக்கு முன்பே இதைச் செய்திருக்க முடியாதா என்றால், முடிந்திருக்கும். செய்யச் சொல்லும் காரணம்தான் அன்று இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. கதிரியக்கத்தை ஆய்வகங்கள் குறைத்தது கழிவுக்கு அஞ்சி அல்ல, அறிவியலே முன்னேறிவிட்டதால்தான் என்பார்கள். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனையில் 1950களின் இறுதியில் உருவாக்கிய கதிரியக்க நோய்த்தடுப்பு அளவீடு, ரத்தத்தில் இன்சுலினின் நுண்ணிய அளவைக் கண்டறிய வழிசெய்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. அதன் இடத்தைப் பிடித்த, கதிரியக்கம் தேவைப்படாத எலிசா முறையோ 1971இலேயே ஸ்டாக்ஹோமில் பிறந்துவிட்டது. நெவாடாக் குழி மூடப்படுவதற்கு எட்டு ஆண்டு முன்பே. டி.என்.ஏ. வரிசையறிதலில் கதிரியக்கத்தை ஒளிரும் சாயங்கள் 1980களின் நடுவில் விரட்டியதும் வேகத்துக்காகவும் தானியங்கிக் கருவிக்காகவுமே. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. எலிசாவைப் புதைகுழிகளின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அறிவியல் லாபம் துளியும் இல்லாத மாற்றங்களும் அதே ஆண்டுகளில் நடந்தனவே: சின்னக் குப்பி, தீப்பற்றாத திரவம், அணுவாரியான பெட்டி. டிரிட்டியத்துக்கும் கார்பன்-14க்கும் மாற்றே கிடைக்காத வளர்சிதை ஆய்வுகளில்கூட இவை பரவின. இவற்றுக்கு அடைபட்ட வாசலைத் தவிர வேறு காரணம் காட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு யாலோவிடமிருந்தே வந்தது. அதனால் அதற்கு எடை அதிகம். உயிர்மருத்துவக் கழிவில் இருக்கும் கதிரியக்கம் மிகச் சொற்பம். மக்கள் அச்சத்துக்குப் பணிந்து குழிகளை மூடுவதும் விதிகளை இறுக்குவதும் ஆராய்ச்சியை முடக்குமே தவிர, ஒருவர் உயிரையும் காக்காது என்று அவர் வெளிப்படையாக வாதாடினார். மனித உடலிலேயே இயற்கையாகக் கதிரியக்கம் இருப்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார். அறிவியலளவில் அவர் சொன்னது சரி. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் அதை ஓரளவு ஏற்றது. 1981இல் வந்த விதியின்படி, குப்பித் திரவத்திலோ சோதனை விலங்கின் உடலிலோ ஒரு கிராமுக்கு 0.05 மைக்ரோகியூரிக்கு மிகாமல் டிரிட்டியமோ கார்பன்-14ஓ இருந்தால், கதிரியக்கம் இல்லாத பொருளாகவே பாவித்து அப்புறப்படுத்தலாம். விலங்கின் உடல் மனிதருக்கோ வேறு விலங்குக்கோ உணவாகப் போய்விடக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் உண்டு. ஆனால் இந்தச் சலுகை யாருக்குக் கிடைத்தது? கிராமுக்கு எவ்வளவு என்று சொல்ல முடிந்தவருக்கு. எந்த அணு, எத்தனை அளவு, எந்தப் பெட்டியில் என்று பதிவேடு வைத்திருந்த வளாகத்துக்கு. அளந்தவர் பக்கம் சட்டம் இளகியது. அளக்காதவருக்குப் பழைய பீப்பாயும் பழைய கட்டணமும்தான். யாலோ கேட்ட நியாயம், குழிகள் கற்பித்த ஒழுங்கின் வழியாகவே வந்து சேர்ந்தது.

எரியூட்டிகளின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்குகிறது. 1987, 1988 கோடைகளில் நியூ ஜெர்சி, நியூயார்க் கடற்கரைகளில் சிரிஞ்சுகள் கரையொதுங்கின. ஸ்டேட்டன் தீவின் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைமேடும் நகரச் சாக்கடைகளும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த காலம் அது, கடற்கரைகள் மூடப்பட்டன, 1988 நவம்பரில் மருத்துவக் கழிவைத் தொடர்ந்து கண்காணிக்கும் தற்காலிகச் சட்டம் வந்தது. மருத்துவமனைகளும் ஆய்வு வளாகங்களும் கண்ட விடை நெருப்பு. எரித்துவிட்டால் கரையொதுங்க எதுவும் இராது. எரிப்பதற்கு முன் பிரிக்கவும் வேண்டாம். ரத்தம் பட்ட பஞ்சும் சாப்பாட்டுப் பொட்டலமும் பி.வி.சி. குழாயும் ஒரே வாயில் போயின. குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். 1994இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட வரைவு மதிப்பீட்டில், நாட்டின் டையாக்சின் ஊற்றுகளில் முதல் வரிசையில் மருத்துவக் கழிவு எரியூட்டிகள் நின்றன. நோயைத் தீர்க்கும் இடமே நோய்க்கு வித்தாகும் நச்சைப் பக்கத்துத் தெருக்களில் தூவிக்கொண்டிருந்தது. அந்த எண்கள் வெளிவந்தபோது மருத்துவர்களே எரியூட்டிகளுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்தது இயல்பு.

1997 செப்டம்பரில் கடுமையான உமிழ்வு விதிகள் வந்தன. அப்போது அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவ எரியூட்டிகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவை நூறுக்கும் கீழே வந்துவிட்டன. எரியூட்டிகளைச் சட்டம் தடை செய்யவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் செலவை ஏற்பதைவிடக் குப்பையைக் குறைப்பது மலிவு என்ற நிலையை உண்டாக்கியது, அவ்வளவுதான். அதன் பிறகே மருத்துவமனைக் குப்பையில் 85 விழுக்காடு சாதாரணக் குப்பை என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு நிர்வாகிகளுக்கு உறைத்தது. காகிதமும் அட்டைப்பெட்டியும் பிரிந்து மறுசுழற்சிக்குப் போயின. கிருமிக் கழிவு ஆட்டோகிளேவில் நீராவியில் வெந்தது. பாதரச வெப்பமானிகள் விலகின. திசுப்பிரிவுகளில் பயன்பட்ட சைலீனையும் ஆல்கஹாலையும் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தும் கருவிகள் நோய்க்குறியியல் துறைகளில் இடம்பிடித்தன. நெருப்பு என்ற வழி எளிதாக இருந்த காலத்தில் இவற்றில் எதுவும் அவசரமாகத் தோன்றவில்லை.

அதே ஆண்டுகளில் இந்தியா எதிர்த் திசையில் நடந்தது. தில்லியின் குப்பை தொடர்பாக பி.எல். வடேரா தொடுத்த வழக்கில், 1996 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஐம்பதோ அதற்கு மேலோ படுக்கைகள் கொண்ட மருத்துவமனைகள் எரியூட்டி அல்லது அதற்கு இணையான மாற்று ஏற்பாட்டை நிறுவ வேண்டும் என்று உத்தரவிட்டது. நோக்கம் நல்லது, தெருவில் ஊசியும் ரத்தப் பஞ்சும் கிடந்த நகரத்தில் நீதிமன்றம் பேசாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் எரியூட்டி வாங்குவது உத்தரவை நிறைவேற்றிய சான்றாகிவிட்டது; பிரிப்பது பின்னுக்குப் போனது. 1998 ஜூலையில் வந்த உயிர்மருத்துவக் கழிவு விதிகள், கழிவு உண்டாகும் இடத்திலேயே பிரிக்கவும், குளோரின் பிளாஸ்டிக்கை எரிக்காமலிருக்கவும் தெளிவாகச் சொல்லின. பத்து வகைகளாகப் பிரித்த அந்தப் பட்டியலை வார்டிலும் ஆய்வகத்திலும் கடைப்பிடிப்பது கடினமாகவே இருந்தது. 2016 மார்ச்சில் வந்த புதிய விதிகள்தான் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நான்கு நிறங்களுக்கு இறங்கி வந்தன. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் சொந்த எரியூட்டி கூடாது என்றன. குளோரின் கலந்த பைகளையும் கையுறைகளையும் படிப்படியாக விலக்கச் சொல்லின. ஒவ்வொரு பைக்கும் பார்கோடு கேட்டன. ஆய்வகங்களுக்கு ஒரு தனி நிபந்தனையும் இருந்தது: கிருமி வளர்ப்புத் தட்டுகள், ரத்த மாதிரிகள் போன்றவற்றை வளாகத்திலேயே கிருமிநீக்கம் செய்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும். இருபது ஆண்டு தாமதமாக, வாசலுக்கு வருமுன் மேசையைப் பார் என்று சட்டம் சொன்னது.

வாசல் எளிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லியே மிகக் கொடிய சான்றைத் தந்தது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1968இல் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985க்குப் பிறகு பயனில்லாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய பொருட்களோடு அதுவும் ஏலத்தில் போனது. நகரின் மாயாபுரிப் பகுதிக் காயலான் கடைகளில் அதை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, நாற்பத்திரண்டு ஆண்டுகளில் எட்டு அரை ஆயுள் கழிந்து, தொடக்க வலிமையில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. அந்த மிச்சமே பலரை மருத்துவமனையில் கிடத்தியது; ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்தது. கதிரியக்கப் பொருளை ஒப்படைக்க முறையான வழி இந்தியாவில் இருந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் 1983லிருந்தே இருந்தது. இருந்தும் பழைய இரும்பு என்று எழுதி ஏலம் விடுவது அதைவிட எளிதாக இருந்தது. மறுசுழற்சியே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. பிரேசிலின் கோயானியா நகரில் 1987இல் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளியேறி நான்கு பேர் மாண்டபோதும், கருவியைத் தூக்கிச் சென்றவர்கள் இரும்பின் விலையைத்தான் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டியவர்கள், அந்த அறிவைப் பொருளோடு அனுப்பவில்லை. நகரத்தின் மிக ஏழைக் கைகள் அந்த அறியாமைக்கு விலை கொடுத்தன. இந்த வரலாற்றில் என்னால் மனம் ஆறிக் கடக்க முடியாத பகுதி இது.

இனி மூன்றாவது மறுப்பு; நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வாசலை அடைத்தால் கழிவு நின்றுவிடாது, இருட்டில் வேறு பக்கம் போகும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கேரளத்தின் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். தன் வீட்டு விதியை இறுக்கினால் பக்கத்து வீட்டு வயல் குப்பைக்குழி ஆகும் என்ற அச்சம் பொய்யில்லை. ஆனால் 1979இல் அடைபட்ட வாசலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பீப்பாயில் ஏறிய ஒவ்வொரு குப்பிக்கும் உரிமம் பெற்ற ஒரு பெயர் இருந்தது. கதிரியக்கப் பொருளை வாங்கியதற்கும் கழித்ததற்கும், ஆய்வாளர் இல்லாவிட்டாலும் வளாகம் கணக்கு வைத்தாக வேண்டியிருந்தது. சாதாரண மருத்துவக் கழிவில் அந்தப் பெயர் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நடுக்கல்லூரில் கழிவின் ஊரைக் காட்டிக்கொடுத்தவை, மூட்டைகளில் தற்செயலாகக் கிடந்த நோயாளிச் சீட்டுகளும் மருத்துவமனைத் தாள்களும். பார்கோடு செய்ய வேண்டிய வேலையைச் சிதறிய காகிதங்கள் செய்தன. ஆகவே இந்த மறுப்பு வாதத்தை வீழ்த்தவில்லை. அடைக்கும் வாசலோடு அனுப்பியவரின் பெயரும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று திருத்துகிறது.

இன்று ஆய்வு வளாகங்களில் மிக எளிதாக வெளியேறுவது கதிரியக்கமோ கிருமியோ அல்ல, பிளாஸ்டிக். பைப்பெட் முனை, சோதனைத் தட்டு, மையவிலக்குக் குழாய், தெர்மோகோல் பெட்டி எல்லாம் ஒருமுறைப் பொருட்கள். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தம் உயிரியல் துறையின் 280 பேர் மட்டும் 2014இல் 267 டன் பிளாஸ்டிக்கைக் கழித்ததாகக் கணக்கிட்டு, உலக ஆய்வகங்கள் அந்த ஆண்டு 55 லட்சம் டன் உண்டாக்கியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பகுதி எந்தக் கிருமியையும் தொட்டதில்லை; ஆனாலும் ஆய்வகத்திலிருந்து வந்தது என்பதற்காகவே ஆட்டோகிளேவுக்கும் எரியூட்டிக்கும் போகிறது. கண்ணாடியைக் கழுவிப் பயன்படுத்தினால் சோதனையில் மாசு சேரும் என்ற கவலை சில சோதனைகளுக்குப் பொருந்தும். ஊடகம் தயாரிக்கவும் உப்புக்கரைசல் வைக்கவும் பொருந்தாது. இந்த வேறுபாட்டைப் பார்க்கச் சொல்லும் விதி இன்னும் பெரும்பாலான நாடுகளில் இல்லை. கழிவுக் கட்டணத்தைத் துறைகள் நேரடியாகக் கட்டுவதுமில்லை. மாற்றத்தின் முதல் அறிகுறி நிதி கொடுப்பவர்களிடமிருந்து வந்திருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி வகுத்த லீஃப் என்ற ஆய்வக மதிப்பீட்டுச் சான்றையோ அதற்கு இணையான ஒன்றையோ பெற வேண்டும் என்று, பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை தன் பணம் பெறும் ஆய்வகங்களுக்கு நிபந்தனை விதித்திருக்கிறது. மானிய விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் சேர்ந்ததால், எத்தனை முனைகள் வாங்கினோம், எத்தனை கழித்தோம் என்று ஆய்வகங்கள் இப்போது எண்ணத் தொடங்கியிருக்கின்றன.